கங்காணி வீட்டில் இலை போட்ட நாள்

புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பி தங்கைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டீர்கள். பஸ்ஸில் தலை எண்ணுவது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, யாருக்குச் சைவச் சாப்பாடு என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரே மாதத்தில் நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்லப் போவது, முப்பது வருடம் மலாக்காவில் வழிகாட்டியாக இருந்த ஒருவன் தன் வாயால் தானே கெடப் பார்த்த கதை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் பெயரைக் கேட்காதீர்கள், நாவலின் பெயரையும் கேட்காதீர்கள். லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இதைச் சொல்லலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இப்போதே போனைத் தட்டித் தேட ஆரம்பித்த அந்தப் பின்வரிசைத் தம்பி கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

நம் தோட்டத்துப் பக்கம் கிராணியாக வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதியவர் அவர். பகலில் தோட்டத்து ஆபீஸில் ஆள் வரவும் கூலியும் குறிக்கும் செக்ரோல் எழுதிய கையால் வீட்டுக்கு வந்து நாவல் எழுதினார். ரப்பர் பால்வெட்டுக்காரர்களின் வாழ்க்கையை அவரைப் போல் எழுதியவர் இல்லை என்பது என் கட்சி. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கெங்கோ இருந்து வாசகர் வட்டங்கள், அவர் எழுதிய இடங்களைப் பார்க்க பஸ் எடுத்து வர ஆரம்பித்தன. கோட்டையையும் ஆற்றையும் காட்டிக்கொண்டிருந்த நான் அந்தப் பக்கம் தாவினேன். அவர் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, எந்த வளைவு, எந்த மரம், எந்தக் கடை என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த வேலையில் எனக்கு நிகர் யாரும் கிடையாது என்ற நினைப்பு தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

செர்காம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து வந்ததாக ஒரு கதையில் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தே தீருவேன் என்று ஜொகூரிலிருந்து வந்த ஒரு வாசகர் அடம் பிடித்தார். விடியற்காலையில் பஸ்ஸை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் மலாய்க் கம்பத்து வீடுகளின் தென்னை மரங்களுக்கு மேலே வந்தது.

“என்னா சார், சூரியன் அந்தப் பக்கம் வருது?” என்றார் அவர், ஏதோ நான் கள்ளச் சரக்கு விற்றதுபோல.

“அது எப்பவும் அந்தப் பக்கம்தான்லா வரும். அவருதான் கதைக்காகத் திருப்பி வெச்சிருக்காரு” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சூரியனையே திருப்பியவர் ஒரு மனிதனைத் திருப்பியிருக்க மாட்டாரா என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

புக்கிட் ரம்பாயில் அவர் படித்த தோட்டப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைதான் இருக்கிறது. கம்பி வேலி, லாரி, கன்டெய்னர். பார்க்க ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு தாதி, வேலியைப் பிடித்துக்கொண்டு, அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். விரட்ட வந்த காவல்காரர், பாஷை புரியாவிட்டாலும் முடிகிற வரை நின்று கேட்டார். இப்படிப்பட்ட வாசகர்களோடு பழகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் புத்தகத்தை இவ்வளவு நேசிப்பவர்கள் அதில் எழுதியதை அப்படியே நம்பவும் செய்வார்கள். நானும் நம்பினேன்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன். நாவலின் கதை இதுதான். தோட்டத்தில் நல்ல குடிதண்ணீர் கிடையாது. குழாய் போட்டுத் தரச் சொல்லி வேலைநிறுத்தம் செய்ய வெட்டுக்காரர்கள் சிலர் ரகசியமாகக் கூடிப் பேசுகிறார்கள். வெட்டுக்காரர்களை மேய்க்கும் கங்காணி அந்த ஆட்களின் பெயர்களைத் துரையிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறான். மறுநாளே ஐந்து குடும்பங்கள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்கின்றன. படித்தவர்கள் யாரும் அந்தக் கங்காணியை மன்னித்ததில்லை.

வெட்டுக்காரர்கள் இருந்த லைன் வீடுகளையெல்லாம் இடித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள். ரோட்டோரம் ஒரு பழைய வீடு மட்டும் நின்றது. ஐந்து சிமெண்டுப் படி, பக்கவாட்டில் கிணறு, முன்னால் பலா மரம். நாவலில் கங்காணி வீட்டைப் பற்றி எழுதியிருந்ததோடு அச்சாகப் பொருந்தியது. கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், போய்க் கதவைத் தட்டுவோம் என்று தோன்றியதா? தோன்றவில்லை. எதிர்ப்பக்கம் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கி, இடுப்பில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு முழங்குவேன். “அதோ பாருங்கள். ஐந்து குடும்பங்களைக் காட்டிக் கொடுத்த துரோகியின் வீடு.” எல்லாரும் படம் எடுப்பார்கள். வேலிக்குப் பக்கத்தில் போய்ச் செல்ஃபி எடுத்தவர்களும் உண்டு. ஆறு வருடம் இப்படியே செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாவலைப் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டு, கலர் கலராகச் சீட்டு ஒட்டிக் கையில் வைத்திருந்தார். நான் வழக்கம்போல முழங்கி முடித்தேன். கேட் திறந்தது. அறுபது வயதுக்கு நெருங்கிய ஒரு பெண்மணி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

“நீங்கதானே அண்ணே மைக்ல பேசுறவரு?”

“ஆமாம்மா” என்றேன்.

“நான் அவரு மவ. இன்னிக்கி அப்பாவுக்குப் படையல் போடுறோம். எல்லாரையும் சாப்பிட கூட்டிட்டு வாங்க.”

பஸ் ஓட்டுநர் மணியம் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். “வேணாம் சார், ஏறுங்க. உள்ள கூப்பிட்டு வெச்சி ஏசப் போறாங்க” என்று காதில் சொன்னார். எனக்கும் ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இறந்தவருக்குப் படைத்த சோற்றைச் சாப்பிடக் கூப்பிடும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நம்மில் யாருக்கும் அதற்கு வாய் வராது. முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கூடத்துச் சுவரில் அவர் படம் மாலையோடு இருந்தது. முறுக்கு மீசை, தலையில் வெள்ளைத் தொப்பி. கீழே தலைவாழை இலையில் சோறு, ஆட்டுக்கறி, கருவாடு, ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், அவர் புகைத்த சுருட்டு. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. வெளியே படம் எடுத்த போன்களெல்லாம் பைக்குள் போய்விட்டன.

அந்த அம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். “அண்ணே, வெளிய நின்னு சொன்னீங்களே, அத இங்க ஒரு தடவ சொல்லுங்க. ஆறு வருசமா சமையக்கட்டுல இருந்துதான் கேக்குறேன். முழுசா காதுல விழுந்ததே இல்ல.”

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் பஸ் கவிழலாம், ஆள் தொலையலாம். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. அந்த நிமிடத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை. நாவல் என்பது ஒரு கற்பனை, அதில் வரும் பாத்திரங்கள் என்று இழுக்க ஆரம்பித்தேன்.

“வெளிய அப்படிச் சொல்ல மாட்டீங்களே” என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

இரண்டு வழிதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு மழுப்புவது ஒன்று. அவர் கேட்டபடி சொல்வது இன்னொன்று. ஆறு வருடம் ரோட்டில் நின்று சொன்னதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது என்றால் நான் வெறும் கோழை என்று தோன்றியது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அந்த மீசைக்காரரைப் பார்த்தபடி ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன். துரோகி என்ற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றீங்க” என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, “எல போடுங்க” என்றார்.

தரையில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் பரிமாறினார். ஐம்பது வயதிருக்கும். விடியலிலிருந்து கறி ஆக்கியதும் அவர்தானாம். “கூச்சப்படாம சாப்பிடுங்க சார், இன்னும் நெறய இருக்கு” என்று ஒவ்வொரு இலையாகக் கவனித்தார். தலைமையாசிரியர் சைவம். அவருக்கென்று தனியாகச் சாம்பார் எடுத்து வந்து ஊற்றினார். அவ்வளவு நல்ல மனிதர்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அந்த அம்மா குழாயடியில் நின்றார். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“அந்தப் புத்தகம் எழுதினவரு எங்க வீட்டுக்கு வருவாரு அண்ணே. எழுதினத அப்பாகிட்ட படிச்சிக் காட்டுவாரு. மொதல்ல எழுதினதுல காட்டிக் குடுத்தது வேற ஆளு. நெசமாவே குடுத்த ஆளு. பேர மாத்திதான் எழுதியிருந்தாரு. ஆனா தோட்டத்துல எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். அந்தாளு புள்ளைக்கி அப்ப காய்ச்ச. தொரை காரு இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கிப் போவ முடியாது. அதுக்காவச் சொல்லிட்டாரு. அப்பா கேட்டுட்டு, அவன் புள்ளைங்க இங்கதான்யா வளரணும், கங்காணின்னு எழுதிடு, கங்காணி கெட்டவன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்னு சொன்னாரு. கிராணி மாட்டேன்னுதான் சொன்னாரு. அப்பா விடல.”

அவர் குழாயை மூடிவிட்டுத் தொடர்ந்தார்.

“புத்தகம் வந்த பொறவு முப்பது வருசம் உசுரோட இருந்தாரு. கோயில்ல யாரும் பக்கத்துல ஒக்கார மாட்டாங்க. எனக்கு வந்த ரெண்டு மாப்பிள்ள வீடு அந்தப் புத்தகத்தாலதான் போச்சி. அப்பவும் வாயத் தொறக்கல.”

இப்போது என் தவறைக் கேளுங்கள். வெளியே முழங்கியதெல்லாம் சின்னத் தவறு. பெரியது இனிதான். இப்படி ஒரு மனிதரை ஆறு வருடம் ரோட்டில் நின்று ஏசியிருக்கிறேனே என்று நெஞ்சு கொதித்தது. அந்த அம்மா பாயாசம் எடுக்கத் திரும்பினார். நான் விறுவிறுவென்று கூடத்துக்குப் போய் ஸ்பீக்கரைப் போட்டேன். யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற அவசரம் கண்ணை மறைத்தது.

“நண்பர்களே, நாவலில் இருப்பது உண்மையில்லை. இவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை” என்றேன்.

முப்பது கைகளும் இலையிலேயே நின்றன. தலைமையாசிரியர் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப யாரு?”

அந்தக் கேள்வி வரும் என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை. அவர் இடது கையால் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். சாப்பிட்ட வலது கையைத் தூக்கிப் பிடித்தபடியே சீட்டு ஒட்டிய பக்கங்களைத் தள்ளினார்.

“இருங்க. கூட்டத்துக்கு வந்தது ஆறு பேருன்னு போட்டிருக்கு. வெளிய அனுப்பினது அஞ்சு குடும்பம். ஒரு குடும்பம் தோட்டத்துலயே தங்கிடுச்சி. இத்தன வருசம் இது என் கண்ணுல படலையே. அந்த ஆறாவது ஆளப் பத்தி ரெண்டு வரி எங்கயோ இருக்கு. இருங்க, எடுத்துப் படிக்கிறேன்.”

வாசலில் பாயாச வாளியோடு வந்து நின்ற அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, ஆசிரியரையும் பார்க்கவில்லை. கறி வாளியும் கரண்டியுமாக வரிசை நடுவில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எல்லாரையும் போல, கதை கேட்கும் ஆசையோடு ஆசிரியர் படிக்கப் போவதற்காகக் காத்திருந்தார். அவருடைய அப்பாதான் அந்த ஆறாவது ஆள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளை அவர்தான். ஆசிரியர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டால், அதில் இருப்பது தன் அப்பா என்று முதலில் தெரிந்துகொள்ளப் போவதும் அவர்தான்.

ஆசிரியரின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

“சார், படிக்காதீங்க” என்றேன். “நான் சொன்னது தப்பு. சாப்பிட்ட நன்றியில வாய் தவறிட்டேன். காட்டிக் கொடுத்தது கங்காணிதான்.”

அவருடைய சோறு என் வயிற்றில் இருக்க, அவர் படத்துக்கு முன்னால் நின்று, உண்மை தெரிந்த பிறகு அப்படிச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே நாக்கு கூசியது அதற்குத்தான்.

ஆசிரியர் விடுகிற ஆளா? “ஒரு நிமிசத்துக்கு முன்னாடி இல்லன்னீங்க. எது சரி?” என்றார். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் பேச்சுக்கு அங்கே மரியாதை போய்விட்டது. இன்னொரு வார்த்தை சொன்னாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த அம்மா பாயாச வாளியோடு உள்ளே வந்தார். ஆசிரியருக்கு முன்னால் குனிந்து, கரண்டியில் பாயாசத்தை எடுத்துக்கொண்டு சொன்னார்.

“வாத்தியாரே, மவ நான் சொல்றேன், கேட்டுக்குங்க. பேரு எழுதிக் குடுத்தது எங்கப்பாதான். புத்தகத்த மூடி வெச்சிட்டு எலய நீட்டுங்க.”

ஆசிரியர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். அவருக்கு ஏதாவது புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாயாசத்தைக் குடித்து முடித்ததும் எழுந்து போய், யாரும் சொல்லாமலே அந்தப் படத்தைக் கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போய்க் கும்பிட்டார்கள். துரோகி என்று கேட்ட பிறகும் கும்பிட்ட அந்த வாசகர்களை நான் மறக்கவே மாட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட் வரை வந்தார். என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

“முப்பது வருசம் அவரு சொமந்தத ஒரு நிமிசத்துல எறக்கி வெக்கப் பாத்தீங்களே அண்ணே” என்றார். “நல்ல மனசுலதான் செஞ்சீங்க. ஆனா அத அடுத்தவன் தலையிலதான் எறக்கி வெக்க முடியும்.”

“இனிமே இந்தப் பக்கம் பஸ்ஸைக் கொண்டு வர மாட்டேன்மா.”

“ஏன், வாங்க. வந்து அதையேதான் சொல்லணும். ரோட்டுல நிக்காம உள்ள வந்து அவரு முன்னாடி சொல்லுங்க. மைக் வேணாம், பேரப்புள்ள தூங்குது.”

ஓய்வு பெறுகிற வரை வருடா வருடம் அப்படித்தான் செய்தேன். அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு கூடக் கூட, அந்த வாக்கியத்தைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. நீங்களும் ஒருநாள் ஏதோ ஒரு வீட்டுக்கு முன்னால் புத்தகமும் கையுமாக நிற்பீர்கள். முதலில் கதவைத் தட்டுங்கள். உள்ளே கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் வெளியே வந்து சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் ஏறப் போனவனை அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து நிறுத்தினார். மிச்சக் கறியைப் பொட்டலம் கட்டி மணியத்துக்கென்று கொண்டு வந்திருந்தார். கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

“சார், நீங்க புத்தகமெல்லாம் படிச்சவரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கங்காணி அப்படிப்பட்ட ஆளுன்னு ஊரே சொல்லுது. ஆனா எங்கப்பா சாவுற வரைக்கும் இந்த வீட்டத் தாண்டுறப்ப செருப்பக் கழட்டிக் கையில எடுத்துகிட்டுதான் போவாரு. ஏன்னு கேட்டா சொல்லவே மாட்டாரு. எதுக்கா இருக்கும் சார்?”

வழிகாட்டி என்றால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடமும் இருந்தது, நாக்கு நுனியில்.

“தெரியாதுப்பா” என்றேன்.

முப்பது வருட வேலையில் அந்த ஒரு தடவைதான் அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை.